ஈயம் போன குண்டான்

புது தில்லியில் மாளிகைகளைவிடச் சந்தைதான் முந்திக்கொண்டது. வைசிராய் மாளிகை முடிந்தது 1929இல். தலைநகரை முறைப்படி திறந்துவைத்தது 1931இல். கன்னாட் பிளேஸின் வெள்ளைத் தூண்கள் முழுதாக எழும்ப இன்னும் சில ஆண்டுகள் பிடித்தன. ஆனால் காய்கறியும் மீனும் மளிகையும் விற்பதற்காக, ஒரு ரவுண்டானாவின் நடுவே பன்னிரண்டு பக்கங்கள் கொண்ட கோல் மார்க்கெட் கட்டடம் 1921இலேயே வந்துவிட்டது. லுட்யன்ஸ் வகுத்த நகரத் திட்டத்தின் ஒரு பகுதி அது. அரசாங்கம் நடக்க வேண்டுமானால் குமாஸ்தா சாப்பிட வேண்டும் என்பது அந்தத் திட்டத்தில் யாருக்கோ தெரிந்திருக்கிறது.

சுற்றிலும் குமாஸ்தா குடியிருப்புகள். தில்லி இம்பீரியல் ஜோன் என்ற பழைய பெயரின் சுருக்கமான டி.ஐ.இசட். இன்றைக்கும் அந்த வட்டாரத்து முகவரிகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வங்காளிகள், பஞ்சாபிகள், கணக்கிலும் சுருக்கெழுத்திலும் பேர்வாங்கிய மதராஸிகள் என்று கலந்து வாழ்ந்த இடம். பக்கத்து மந்திர் மார்கில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இருப்பது அந்தக் குடியேற்றத்தின் தடயம். கோடை வந்தால் அரசாங்கமே மூட்டை கட்டிக்கொண்டு சிம்லாவுக்கு ஏறும். குளிருக்குத் திரும்பி இறங்கும். அந்த மூட்டைகளில் கோப்புகளோடு பாத்திரங்களும் ஏறி இறங்கின.

கும்பகோணத்திலிருந்து ரயிலேறி வந்த சாமான்கள் என்னென்ன என்று அந்தத் தலைமுறைப் பெண்களைக் கேட்டால் ஒப்பிப்பார்கள். சாதம் வடிக்க வெண்கலப்பானை, தண்ணீருக்குத் தவலை, விசேஷத்துக்கு அண்டா, பயணத்துக்குக் கூஜா, ரசத்துக்கு ஈயச்சொம்பு, பால் காய்ச்சப் பித்தளைக் குண்டான். 1947க்குப் பிறகு மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்த குடும்பங்களும் அடுக்களையில் பித்தளைக்காரர்கள்தான். அவர்கள் கொண்டுவராமல் விட்டதைச் சாவ்ரி பஜாரில் வாங்கினார்கள். ஜகாத்ரியிலும் ரேவாடியிலும் தட்டிய பாத்திரங்கள், மொராதாபாத்தின் சித்திர வேலைப்பாடுகள் எல்லாம் அங்கே குவிந்திருக்கும். பஞ்சாபின் ஜண்டியாலா குருவில் வாழும் தட்டேரா என்ற கன்னார் சமூகத்தின் கைத்தொழிலை யுனெஸ்கோ 2014இல் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. தமிழ்ப் பாட்டிக்கும் பஞ்சாபிப் பாட்டிக்கும் பாஷை ஒத்துப்போகாவிட்டாலும் பற்றுப்பாத்திரம் ஒத்துப்போனது.

இந்தப் பாத்திரங்களுக்கு உயிர் கொடுத்த ஆள் வேறு. துருத்தியும் கரிமூட்டையுமாகக் குடியிருப்புச் சந்துகளில் வந்து, "பர்த்தன் கலாய் கரா லோ!" என்று குரல் கொடுப்பான் ஈயம் பூசும் கலாய்வாலா. வேப்பமரத்தடியில் மண்ணைத் தோண்டி, துருத்தியின் மூக்கைப் புதைத்து, கரியைப் போட்டு ஊதினால் அதுதான் உலை. உதவிக்கு வரும் பையன் பெரிய தவலைக்குள் மணலும் சாக்குத்துணியும் போட்டு, உள்ளே இறங்கி நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முறுக்கி முறுக்கிக் கால்களாலேயே தேய்ப்பான். பழைய அழுக்கும் கறையும் போய்ப் பித்தளை மஞ்சளாக முகம் காட்டும். பிறகு பாத்திரம் நெருப்பில் ஏறும். சூடு சரியானதும் ஒரு சிட்டிகை நவச்சாரம் தூவுவான். குப்பென்று வெள்ளைப் புகை கிளம்பி மூக்கைத் துளைக்கும். வெள்ளீயக் குச்சியை ஓரிரு இடத்தில் தொட்டு, பஞ்சால் ஒரே வீச்சாகத் துடைப்பான். மஞ்சள் மறைந்து வெள்ளி பளபளக்கும். தண்ணீரில் முக்கும்போது வரும் 'உஸ்' சத்தத்தோடு வேலை முடிந்தது.

நவச்சாரம் செய்வது சாதாரண வேலையில்லை. சூடான பித்தளையின் மேல் நொடியில் படியும் ஆக்சைடு படலத்தை அது கரைத்து விலக்கினால்தான் வெள்ளீயம் உலோகத்தோடு உலோகமாக ஒட்டும். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடுவதால் மரத்தடி அடுப்பே போதும். பூசியது காகிதத்தைவிட மெல்லிய படலம். தினமும் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்தால் சில மாதங்களில் அடியில் மஞ்சள் எட்டிப்பார்க்கும். கலாய்வாலா திரும்ப வந்தாக வேண்டும். வெள்ளீயத்துக்கு விலை ஏறியபோதெல்லாம் மலிவான காரீயத்தைக் கலந்து ஏமாற்றிய ஆட்களும் உண்டு. அது வேறு நஞ்சு. இங்கே அதற்குள் போக வேண்டாம்.

ஈயம் போன பாத்திரத்தின் ஆபத்து நம் அடுக்களைகளுக்குத் தெரியாததா என்றால், பாதி தெரியும். பித்தளை என்பது தாமிரமும் துத்தநாகமும் கலந்தது. அதில் தாமிரம்தான் பெரும்பங்கு. புளிப்பு பட்டால் பச்சையாகக் களிம்பு ஏறும், வாய் கசக்கும், வயிறு புரட்டும். "அதுல புளி விட்டுடாதேடி, ஈயம் போயிடுத்து" என்று மாமியார் எச்சரிக்காத வீடு கிடையாது. அதே மாமியார் அதே குண்டானில் பாலைக் காய்ச்சுவாள். பால் புளிப்பில்லை, நிறம் மாறவில்லை, கசக்கவில்லை. கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் போதவில்லையென்றால் அந்தப் பாலில் தண்ணீர் கலந்து சங்கில் புகட்டுவாள்.

அந்தக் காலத்துத் தமிழ்க் குடும்பங்களைப் பயமுறுத்திய ஒரு சொல் உண்டு: குலைக்கட்டி. ஈரல் கட்டி என்றும் சொல்வார்கள். ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள், நன்றாக இருந்த குழந்தை சிணுங்க ஆரம்பிக்கும். லேசான காய்ச்சல். சாப்பாட்டில் வெறுப்பு. வயிறு மட்டும் பெருக்கும். வைத்தியர் கைவைத்துப் பார்த்தால் வலது விலாவுக்குக் கீழே ஈரல் கெட்டியாக, ஓரம் கூர்மையாகத் தட்டுப்படும். மஞ்சள் காமாலையும் வயிற்றில் நீரும் வந்துவிட்டால் பெரும்பாலும் மாதக்கணக்குதான். ஒரே வீட்டில் மூத்தது போனபின் அடுத்ததும் போவதுண்டு. சென்னை ராயப்பேட்டை நெடுஞ்சாலையின் ஜம்மி பில்டிங்ஸ், குழந்தை ஈரலுக்கு மருந்து என்ற ஒரே காரணத்தால் தென்னாடு முழுக்கத் தெரிந்த முகவரியானது. ஜம்மி வெங்கடரமணய்யாவின் லிவர்க்யூர் இல்லாத மத்தியதரக் குடும்பத்து அலமாரி குறைவு. அத்தனை வீடுகளில் அத்தனை பயம்.

மருத்துவ ஏடுகளில் இந்த நோய் முதலில் பதிவானது கல்கத்தாவில், 1887இல், சென் என்ற மருத்துவரால். சில ஆண்டுகளில் அங்கேயே கிப்பன்ஸ் விரிவாக எழுதினார். 1935இல் எம்.வி. ராதாகிருஷ்ண ராவ் ஈரல் திசுவை நுண்ணோக்கியில் வைத்து விவரித்தார். சென்னையில் குழந்தை மருத்துவத்துக்கு அடித்தளமிட்ட எஸ்.டி. ஆச்சார், நோயியல் அறிஞர் ஸ்ரீராமாச்சாரியோடும் இன்னொருவரோடும் சேர்ந்து 1960இல் எழுதிய கட்டுரை உலகத்தின் கண்ணை இந்தப் பக்கம் திருப்பியது. இந்தியக் குழந்தைப் பருவ ஈரல் சுருக்க நோய் என்ற பெயரிலேயே நாடு ஒட்டிக்கொண்டது. காரணம்தான் அகப்படவில்லை. சாதியில் தேடினார்கள், இந்துக் குடும்பங்களில், குறிப்பாகப் பிராமணர் போன்ற சில சாதிகளில் அதிகம், முஸ்லிம்களிடம் அரிது என்று தெரிந்தது. சொந்தத்தில் கல்யாணத்தைச் சந்தேகித்தார்கள். சத்துக்குறைவையும் வைரஸையும் சந்தேகித்தார்கள். ஒன்றும் முழுதாகப் பொருந்தவில்லை.

நுண்ணோக்கி ஒரு விசித்திரத்தைக் காட்டிக்கொண்டே இருந்தது. 1911இல் பாஸ்டனில் ஃபிராங்க் மல்லோரி என்ற நோயியல் அறிஞர், நாள்பட்ட குடிகாரர்களின் ஈரல் செல்களுக்குள் இளஞ்சிவப்பாகச் சாயமேறும் ஒழுங்கற்ற கட்டிகளைக் கண்டு எழுதினார். மல்லோரி பொருள் என்றாலே சாராயம் என்று அரை நூற்றாண்டு மாணவர்கள் மனப்பாடம் செய்தார்கள். அதே கட்டிகள், அதுவும் மிக அதிகமாக, சென்னையிலும் கல்கத்தாவிலும் தில்லியிலும் இறந்த பால்குடிக் குழந்தைகளின் ஈரலில் கிடந்தன. ஒரு சொட்டு சாராயம் காணாத ஈரல்கள் அவை.

இதைப் புரிந்துகொள்ள ஈரல் செல்லின் உள்ளே போக வேண்டும். செல் என்றதும் பள்ளிப் பாடத்தில் வரும் படம், ஒரு பைக்குள் திரவமும் அதில் மிதக்கும் சில உருண்டைகளும். உண்மையில் உள்ளே இழைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. ஈரல் செல்லில் அவற்றில் ஒரு முக்கிய வகை கெரட்டின். 8, 18 என்ற எண்ணிட்ட இரண்டு புரதங்கள் சமபங்கில் ஜோடி சேர்ந்து முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. கல்யாணப் பந்தலின் மூங்கிலும் கயிறும் எப்படியோ அப்படித்தான் இவை: உட்கரு இருக்கும் இடம், பித்தம் கசியும் பக்கம், பக்கத்துச் செல்லோடு பிணைப்பு எல்லாம் இந்த இழைகளை நம்பித்தான் நிலைத்திருக்கின்றன. ஒருமுறை கட்டிவிட்டு விட்டுவிடும் பந்தலில்லை இது. நாள்தோறும் கட்டிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் இருப்பது.

அந்தப் பராமரிப்புக்குத் தனி ஏற்பாடு இருக்கிறது. புரதம் மடிப்பு பிசகினால் சரிசெய்ய உதவிப் புரதங்கள் உண்டு. சரிசெய்ய முடியாததன் மேல் யூபிகுவிட்டின் என்ற சிறு புரதம் அடையாளமாக ஒட்டப்படும். அடையாளம் பட்டது புரோட்டியசோம் என்ற இயந்திரத்துக்குள் போய்த் துண்டுதுண்டாகும். இந்த அழிப்பு முறையைக் கண்டுபிடித்த மூவருக்கு 2004இல் வேதியியல் நோபல் கிடைத்தது. பெரிய குப்பையை ஒரு சவ்வுப் பைக்குள் அடைத்து லைசோசோமிடம் செரிக்கத் தருவது இன்னொரு வழி. அதைத் துலக்கிய ஜப்பானியர் யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் மருத்துவ நோபல். இரண்டு வழியும் ஓயாமல் நடந்தால் செல்லுக்கு வயது தெரியாது.

நஞ்சு ஏறும்போது முதலில் தடுமாறுவது இந்த ஒழுங்கு. கெரட்டின் 8 அளவுக்கு மிஞ்சி உற்பத்தியாகி, ஜோடி கிடைக்காமல் மடிப்பு கெடுகிறது. யூபிகுவிட்டின் ஒட்டப்பட்டும் அழிக்க ஆளில்லை. குப்பை திரண்டு கட்டியாகிறது. அந்தக் கட்டிதான் மல்லோரி கண்டது. இழைகள் எல்லாம் ஓரிடத்தில் சுருண்டு விழுந்துவிட்டதால் மீதிச் செல் தாங்குகோல் இல்லாமல் ஊதிப் பெருக்கிறது. ஆஸ்திரியாவில் ஹெல்முட் டெங்க் என்பவர், கிரீசியோஃபுல்வின் என்ற படைப் பூஞ்சை மருந்தை எலிகளுக்குக் கொடுத்து இதே கட்டிகளை 1970களில் செயற்கையாக உண்டாக்கிக் காட்டினார். இன்று அவற்றுக்கு மல்லோரி - டெங்க் கட்டிகள் என்று பெயர். ஆக, சாராயம் ஒரு காரணம். அதுவே ஒரே காரணமில்லை. இந்தியக் குழந்தையின் ஈரலில் ஊதிய செல்களைச் சுற்றி ஒவ்வொன்றாக நார் படர்ந்தது. சாதாரணமாக வெட்டினாலும் வளரும் ஈரல், இங்கே மட்டும் புதிதாக வளர மறுத்தது.

எந்த நஞ்சு என்ற கேள்விக்கு 1978இல் ஒரு நூல்முனை கிடைத்தது. இந்தியக் குழந்தைகளின் ஈரல் துணுக்குகளை லண்டனில் ஓர்சின் என்ற சாயத்தால் நிறமேற்றிப் பார்த்தபோது செல்களுக்குள் பழுப்புத் துகள்கள் அடர்ந்திருந்தன. தாமிரத்தைக் கட்டிவைத்திருக்கும் புரதத்தின் அறிகுறி அது. மறுவருடமே அமெரிக்க ஈரல் நிபுணர் ஹான்ஸ் பாப்பர், தில்லி எய்ம்ஸின் என்.சி. நாயக் ஆகியோர் அடங்கிய குழு செல்லுக்குள் சிதறிக் கிடக்கும் தாமிரத்தைப் பற்றி எழுதியது. அளந்தால் திகைப்பு. உலர்ந்த ஈரலில் கிராமுக்கு ஐம்பது மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டிய தாமிரம் ஆயிரத்தைத் தாண்டிக் கிடந்தது. தாமிரம் தேங்கும் பரம்பரை நோயான வில்சன் நோயில்கூட இவ்வளவு சின்ன வயதில் இப்படி ஆவதில்லை.

தாமிரம் உடம்புக்கு வேண்டிய பொருள்தான். அளவு மீறினால் செல் அதை மெட்டலோதயோனின் என்ற புரதத்தில் கட்டி, லைசோசோமில் அடைத்துப் பூட்டிவைக்கிறது. பிறகு ஏடிபி7பி என்ற பம்பு வழியாகப் பித்தத்தில் தள்ளி வெளியேற்றுகிறது. கைக்குழந்தையிடம் இந்த வெளியேற்றம் இன்னும் முதிரவில்லை. பிறக்கும்போதே தாயிடமிருந்து சேமித்த தாமிரம் ஈரலில் நிறைய இருக்கிறது. தாய்ப்பாலில் தாமிரம் மிகக் குறைவாக இருப்பதால் கணக்கு சரியாகிவிடுகிறது. அந்த மாதங்களில் வெளியிலிருந்து தாமிரம் கொட்டினால்? பூட்டிய பைகள் நிறைந்து, மீதி செல்லின் திரவத்தில் சிதறி, இழைகளை நிமிர்த்தி வைக்கும் புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. பந்தல் சரிகிறது.

கொட்டியது எங்கிருந்து என்பதைப் புனே கே.இ.எம். மருத்துவமனையின் ஷீலா பாவே, ஆனந்த் பண்டிட் இருவரும் இங்கிலாந்தின் ஸ்டூவர்ட் டேனரோடு சேர்ந்து வீடுவீடாகத் தேடினார்கள். 1983இல் லான்செட் இதழில் வந்தது விடை. நோய் கண்ட குழந்தைகளுக்கு மிகச் சீக்கிரமே மாட்டுப்பாலோ எருமைப்பாலோ கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள்; அந்தப் பால் பித்தளையிலோ தாமிரத்திலோ காய்ச்சி வைத்தது. பாலைப் பாத்திரத்தில் வைத்துச் சோதித்ததில் இன்னொன்று தெரிந்தது: தண்ணீர் தொடாத தாமிரத்தைப் பால் இழுத்துக்கொள்கிறது. பாலின் கேசின் புரதம் தாமிரத்தைப் பிடித்துக்கொள்வதே காரணம். லிட்டருக்குப் பல மில்லிகிராம் சேர்ந்துவிடும். குடிநீருக்கே உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு 2 மில்லிகிராம். நிறமும் மாறாது, ருசியும் மாறாது. புளியை மட்டும் சந்தேகித்த மாமியார் ஏமாந்தது இங்கேதான். ஈயம் பூசிய பாத்திரம் இதைத் தடுத்தது. சுத்தத்துக்கும் ருசிக்கும் என்று நினைத்துக் கலாய்வாலாவுக்குக் கொடுத்த சில அணாக்கள், குழந்தையின் ஈரலுக்கும் சேர்த்துக் கொடுத்தவை.

சாதியும் மதமும் ஏன் குறுக்கே வந்தன என்பதும் இப்போது ஓரளவு விளங்குகிறது. முஸ்லிம் வீடுகளில் புழங்கியது பெரும்பாலும் ஈயம் பூசிய தாமிரம். பூசாத பித்தளையை ஆசாரமாகப் போற்றியது வேறு வீடுகள். ரத்தத்தில் தேடிய வித்தியாசத்தில் ஒரு பங்காவது அடுப்பில் இருந்தது.

இது இந்தியாவின் சொந்த நோய் என்ற எண்ணத்தையும் 1996இல் ஆஸ்திரியா உடைத்தது. மேற்கு டிரோலின் மலைக் கிராமங்களில் 1900க்கும் 1974க்கும் இடையில் 138 குழந்தைகள் இதேபோல் ஈரல் சுருங்கி இறந்திருந்ததை அங்குள்ள மருத்துவர்கள் பழைய பதிவேடுகளிலிருந்து தோண்டியெடுத்தார்கள். பசும்பாலும் மாவும் சர்க்கரையும் கலந்து, ஈயம் பூசாத தாமிரச் சட்டியில் காய்ச்சிக் கொடுத்திருக்கிறார்கள். சட்டி மாறியது, நோய் நின்றது. ஆல்ப்ஸ் மலைப் பாட்டியும் காவிரிக்கரைப் பாட்டியும் ஒரே தவறை ஒரே அன்போடு செய்திருக்கிறார்கள்.

எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்லிவிட முடியாது. ஒரே குண்டானில் பால் குடித்த அண்ணன் தம்பிகளில் ஒருவன் மட்டும் ஏன் விழுந்தான்? பரம்பரைக் கோளாறு ஏதோ துணை நின்றிருக்க வேண்டும் என்பதே டிரோல் ஆய்வாளர்களின் முடிவும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் குடிநீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் தாமிரம் இருந்த ஊர்களில் இப்படிக் குழந்தைச் சாவுகள் இல்லை என்று 1994இல் ஷைன்பெர்க், ஸ்டெர்ன்லிப் இருவரும் காட்டினார்கள். தாமிரத்தைச் செல்லுக்குள் கண்ட குழுவில் இருந்த நாயக்கே பிற்காலத்தில் தாமிரம்தான் மூலம் என்பதை ஏற்கவில்லை. சின்னச் சின்ன உபாதைகளுக்காகக் குழந்தைகளுக்குப் புகட்டிய, ஈரலைக் கெடுக்கும் மருந்துகளைச் சந்தேகித்தார். வாதம் நியாயமானதே. ஆனால் பித்தளை போன இடங்களில் நோய் போனது, தாமிரத்தை உடம்பிலிருந்து இழுத்து வெளியேற்றும் பெனிசிலமைன் மருந்தைச் சீக்கிரம் கொடுத்த குழந்தைகளில் சிலர் பிழைத்தது ஆகிய இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தராசு தாமிரத்தின் பக்கமே சாய்கிறது.

மருத்துவர்கள் வாதாடிக்கொண்டிருந்தபோதே வழக்கை முடித்துவைத்தது எவர்சில்வர். ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி 1913இல் உருக்கிய துருப்பிடிக்காத எஃகு, இந்திய அடுக்களைக்குள் பெருவாரியாக நுழைந்தது சுதந்திரத்துக்குப் பிறகு. டேனர் பின்னாளில் பேராசிரியராகப் போய்ச் சேர்ந்ததும் அதே ஷெஃபீல்டுதான். சரித்திரம் சிலசமயம் இப்படிக் கண்சிமிட்டும். தில்லியின் வஜீர்பூரில் எவர்சில்வர் பட்டறைகள் பெருகின. தமிழ்நாட்டில் சேலம் உருக்காலை 1980களின் தொடக்கத்தில் தகடு உருட்ட ஆரம்பித்தது. பழைய பித்தளையை எடைக்குப் போட்டு எவர்சில்வர் வாங்குவது ஒரு தலைமுறைப் பெண்களின் பொழுதுபோக்காகவே ஆனது. ஈயம் பூச வேண்டாம், புளி விடலாம், தேய்த்தால் கை வலிக்காது. குழந்தையின் ஈரலுக்காக யாரும் பாத்திரத்தை மாற்றவில்லை. மாற்றியதில் குழந்தை பிழைத்தது.

கோல் மார்க்கெட் வட்டாரத்தில் வேறு மாற்றங்களும் சேர்ந்துகொண்டன. 1959இல் தில்லி பால் திட்டம் வந்து, கண்ணாடிப் புட்டியில் பால் வர ஆரம்பித்தது. 1956இலேயே லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியை ஒட்டிக் கலாவதி சரண் குழந்தைகள் மருத்துவமனை திறந்துவிட்டது. குடியிருப்புகளிலிருந்து நடந்தே போகும் தூரம். மார்க்கெட்டைச் சுற்றியிருந்த மிட்டாய்க் கடைகளில் அப்போதும் இப்போதும் பால் சுண்டுவது இரும்புக் கடாயில். அல்வாக்காரருக்கு நுண்ணோக்கி தெரியாது. பித்தளையில் பால் திரிந்துபோகும் என்ற தொழில் பயம் போதுமானதாக இருந்தது.

1990களுக்குள் நோய் அரிதாகிவிட்டது. இன்று குழந்தை மருத்துவம் படிப்பவர்களில் பலர் ஒரு நோயாளியைக்கூடப் பார்க்காமலே பட்டம் வாங்குகிறார்கள். கலாய்வாலாவும் கூடவே போனான். பன்னிரண்டு பக்கக் கட்டடத்திலிருந்து கடைக்காரர்களை வெளியேற்றி, அதை அருங்காட்சியகமாக்கும் வேலையைப் புது தில்லி நகராட்சி மன்றம் கையிலெடுத்தது.

இப்போது சக்கரம் திரும்பச் சுற்றுகிறது. ஆரோக்கியம் என்றும் பாரம்பரியம் என்றும் பித்தளையும் தாமிரமும் இணையக் கடைகளில் நல்ல விலைக்குப் போகின்றன. பெரியவர்கள் செம்புச் சொம்பில் வைத்த தண்ணீரைக் குடிப்பதால் பெரிய கேடில்லை. அவர்களின் ஈரல் மிஞ்சியதைப் பித்தத்தில் தள்ளிவிடும். எலுமிச்சை பிழிந்து வைக்காமல் இருந்தால் போதும். கைக்குழந்தை விஷயம் வேறு. பாட்டி வீட்டுக் குண்டானைத் தேடி எடுத்து அடுப்பில் ஏற்றுபவர்கள் முதலில் உள்ளே எட்டிப்பாருங்கள். அடியில் மஞ்சள் தெரிந்தால் ஈயம் பூச ஆள் தேடுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் அந்தக் குண்டானில் பூச்செடி வையுங்கள். குழந்தைக்கான பாலை எவர்சில்வரில் காய்ச்சுங்கள்.